கரை சேர்ந்தால்தான் கச்சேரி

கச்சேரி என்று தலைப்பிட்டவுடன், காணிப் பத்திரமும் கையுமாக அரசாங்க அதிபரின் அலுவலகத்துக்குப் புறப்படும் காரியத்தைப் பற்றி எழுதப்போகிறோம் என்று நமது வாசகர் எவரும் அஞ்சவேண்டா. இவ்வாரம் நாம் பேசப் புகுவது இசைக் கச்சேரியை; அதிலும் கோடை இரவில், கூரையின்றி, வானத்தின் கீழ் நிகழும் பாட்டையும் கூத்தையும். இன்னுஞ் சரியாகச் சொல்வதானால், அவற்றுக்குப் போய்த் திரும்புகின்ற வழியைப் பற்றியே எழுதப் போகிறோம். "பாட்டை விட்டுப் பாதையைப் பற்றி எழுதுவானேன்?" என்று இளைய மாணாக்கர் சிலர் முணுமுணுப்பது நமது செவியில் விழுகிறது. சற்றுப் பொறுத்துக் கேட்பார்களாயின், பாட்டையும் பாதையையும் பிரித்தல் ஆகாது என்பதை அவர்களே ஒப்புவர்.

நமது பிரதேசத்துத் திறந்தவெளிக் கச்சேரிகளுள் மிகப் பழையது மனிதர் நடத்துவதன்று. மீன்கள் நடத்துவது என்பர். கோடை மாதங்களிலே, பூரணையை ஒட்டிய அமைதியான இரவுகளில், கல்லடிப் பாலத்தை அடுத்த வாவி நீரிலிருந்து நரம்புக் கருவியை மெல்லத் தொட்டாற்போன்ற ஓர் ஓசை எழுகிறது. 1848 ஆம் ஆண்டு இங்கு வந்த எமர்சன் தெனந்து என்ற ஆங்கில அதிகாரி, படகேறிச் சென்று அதனைக் கேட்டு, 1859 ஆம் ஆண்டில் வெளியான தமது இலங்கை பற்றிய நூலில் எழுதி வைத்தார். காரைதீவிலே பிறந்து 1947 ஆம் ஆண்டில் யாழ்நூலைத் தந்த விபுலாநந்த அடிகளின் உள்ளத்தையும் இவ்வோசை கவர்ந்தது. இக்கச்சேரியைக் கேட்கும் முறையும் புதுமையானதே. வள்ளத்தை நீரிலே நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி, மறு முனையிற் செவியை வைத்துக் கேட்பார்கள். இங்கே ஏறிச் சென்ற வாகனமே அமரும் ஆசனமும் ஆகிறது. எப்படித் திரும்புவது என்ற கவலை எவருக்கும் எழுவதில்லை. ஓட்டுபவரை விட்டுவிட்டு எவரும் கேட்கப் போவதில்லை அன்றோ!

மனிதர் நடத்தும் கச்சேரியிலேதான் சிக்கல் தொடங்குகிறது. நமது வாவியின் அமைப்பை அறியாத வாசகருக்காகச் சிறிது சொல்லவேண்டும். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்த நீர்ப்பரப்பு, நமது மக்களின் வாழ்வை இரு கரைகளாகப் பிரித்திருக்கிறது. கடலோரமாயுள்ள கிழக்குப் பக்கம் எழுவான்கரை. வயலும் குளமும் காடுமாக விரியும் மேற்குப் பக்கம் படுவான்கரை. ஞாயிறு எழும் கரை ஒன்று, அது படும் கரை மற்றொன்று. நகரமும், பெரிய பாடசாலைகளும், ஆதார வைத்தியசாலைகளும், நெடுஞ்சாலையும் பெரும்பாலும் எழுவான்கரையில். நெல்லும் பாலும், அவற்றோடு கூத்தும், செழித்து வளர்வது படுவான்கரையில். ஆகவே நல்ல கூத்தொன்றைப் பார்க்கவேண்டுமென்றால் எழுவான்கரையார் நீரைக் கடந்தாகவேண்டும். வெளியூரிலிருந்து வந்த பாடகர் ஒருவரைக் கேட்கவேண்டுமென்றால் படுவான்கரையார் கடந்தாகவேண்டும்.

இந்நீரைக் கடத்திவிடும் மிதவைக்கு நம்மவர் இட்டிருக்கும் பெயர் 'பாதை' என்பது. ஏனைய ஊர்களிலே பாதை என்றால் நிலத்திலே கிடக்கும். மனிதர் அதன்மேல் நடப்பர். நமது ஊரிலே பாதை நீரிலே மிதக்கும். மனிதர் அதன்மேல் நிற்க, அதுவே நடக்கும். ஆனால் நிலத்துப் பாதைக்கு இல்லாத ஒரு குணம் நீர்ப் பாதைக்கு உண்டு. அது இரவிலே உறங்கிவிடும்.

பாலங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கல்லடியிலே 1924 ஆம் ஆண்டின் லேடி மனிங் பாலம் நெடுங்காலம் தனியே நின்று உழைத்தது. அதன் அருகே புதிய பாலம் 2013 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மண்முனைத் துறையில் 2014 ஆம் ஆண்டு ஏப்பிரிலில் பாலம் திறக்கப்படும்வரை, கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரரைத் தரிசிக்கச் சென்ற எழுவான்கரை மக்கள் அங்கே பாதைக்காகக் காத்து நின்றார்கள். அன்றேல் வலையிறவு வழியாகவோ பட்டிருப்பு வழியாகவோ வெகுதூரம் சுற்றினார்கள். குருமண்வெளித் துறையிலே நிற்பவருக்கு மண்டூர் கண்ணெதிரே தெரியும். தரைவழியாகச் செல்வதாயின் பட்டிருப்புப் பாலம், வெல்லாவெளி என்று சுற்றவேண்டும். கண்ணுக்கு எட்டுவது காலுக்கு எட்டாது என்பதை நமது பிள்ளைகள் புத்தகத்திற் படிக்கவேண்டியதில்லை.

இனி, கோடைக்கு வருவோம். வைகாசி பிறந்ததும் மேற்கேயிருந்து கச்சான் காற்று அனலாக வீசத் தொடங்குகிறது. பகலிலே வயல்வெளியில் நிற்க முடியாது. இந்த வெம்மையின் நடுவிலேதான் செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் முதலிய ஊர்களிலே, ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்த கண்ணகை அம்மன் கோயிற் கதவுகள் திறக்கப்படுகின்றன. வழக்குரை காதை படிக்கப்பட்டு, இறுதியிலே திருக்குளிர்த்தி நிகழ்கிறது. வெம்மை தணியும் இரவே இக்காலத்து விழாக்களுக்கு ஏற்ற பொழுது. வேளாண்மை வேலை ஓய்ந்த கோடை இரவுகளிலே வடமோடியும் தென்மோடியும் களரி ஏறுவதும் இதனாலேயே.

பழைய முறைக் கூத்து இரவு உணவுக்குப் பின் தொடங்கி விடியும்வரை நடைபெறும். வட்டக் களரியைச் சுற்றிப் பாய் விரித்து, குழந்தைகளைக் கிடத்தி, கச்சான்கொட்டையைக் கொறித்துக்கொண்டு மக்கள் இருப்பார்கள். வரவு ஆட்டம் பார்த்து உறங்கிய பிள்ளை, போர்க் கட்டத்து மத்தள ஒலியிலே திடுக்கிட்டு விழிக்கும். "ஒரு கதையைச் சொல்வதற்கு ஓர் இரவு வேண்டுமா?" என்று நகரத்து நண்பர் ஒருவர் நம்மைக் கேட்டதுண்டு. கலைக் காரணங்கள் பலவற்றை அன்று அவருக்கு அடுக்கினோம். இப்பொழுது எண்ணிப் பார்க்கையில், மிக எளிய காரணம் ஒன்றை அவருக்குச் சொல்லத் தவறிவிட்டோம் என்று தோன்றுகிறது.

அந்தி மயங்கும் முன் கடைசிப் பாதை. பொழுது புலர்ந்ததும் முதற் பாதை. இரண்டுக்கும் இடையிலே கூத்து. பார்க்க வந்தவர் நள்ளிரவிலே வீடு திரும்பவேண்டிய தேவையே இல்லை. திரும்ப எண்ணும்போது வானம் வெளுத்திருக்கும். கச்சான் அடங்கி வாவி கண்ணாடிபோற் கிடக்கும். துறையிலே ஆள் இருப்பார். வண்டில் மாடுகளும் இளைப்பாறி நிற்கும். விடிய விடிய ஆடியமை கதையின் நீளத்தால் மட்டுமன்று. வழியின் நீளத்தாலும் என்று கொள்ளலாம். கூத்தின் காலக் கணக்கிலேயே பிரயாணக் கணக்கும் அடங்கியிருந்தது. இதை எவரும் திட்டமிட்டு எழுதி வைக்கவில்லை. ஆயினும் பிழையின்றி நடைபெற்றது.

காலம் மாறியது. 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே நமது கூத்துகளைச் செப்பனிட்டு, 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' என்று ஒன்றன்பின் ஒன்றாக மேடையேற்றினார். ஓர் இரவு முழுவதும் ஆடப்பட்ட கூத்து, படித்த மக்களின் நாடக அரங்குக்கேற்ற அளவிலே சுருங்கியது. அதனாற் கூத்துக்கு வந்த மதிப்பை நாம் மறப்பதற்கில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பேராதனை வளாகத்திலே கூத்துப் பார்த்த மாணாக்கர் பலருக்கு, திரை விழுந்தபின் தத்தம் விடுதிக்கு நடந்து செல்லும் தூரமே இருந்தது. அந்தச் சுருங்கிய கால அளவை நாம் வாவிக்கரைக்கு எடுத்து வந்தபோது, விடுதியையும் உடன் எடுத்து வர முடியவில்லை! இரவு பத்து மணிக்குக் கூத்து முடிகிறது. பஸ் நின்றுவிட்டது, பாதை உறங்கிவிட்டது. விடியலுக்கோ இன்னும் எட்டு மணித்தியாலம் இருக்கிறது. முன்னோர் தீர்த்து வைத்திருந்த சிக்கலை நாம் திரும்பவும் அவிழ்த்துவிட்டுக்கொண்டோம்.

இதைப் பிறர் குற்றமாகச் சொல்ல வரவில்லை. நமது குற்றமொன்றும் இதில் உண்டு. பதினான்கு ஆண்டுகளுக்கு மேலாக நெஞ்சிற் கிடப்பதை இப்பத்தியிலே இறக்கி வைக்க விரும்புகிறோம்.

2011 ஆம் ஆண்டு வைகாசி மாதம். நாம் ஆசிரியத் தொழிலுக்குப் புதியவர். படுவான்கரைக் கிராமமொன்றிலே திறந்தவெளி இசை நிகழ்ச்சியும் சுருக்கிய கூத்தும் நடைபெறுவதாக அறிந்து, மாணாக்கர் ஒன்பது பேரை அழைத்துச் சென்றோம். அவர்களிலே ஐவர் மாணவியர். உடன் ஆசிரியை ஒருவரும் வந்தார். மாணவி ஒருத்தியின் பெத்தாச்சியும் சேர்ந்துகொண்டார். காலஞ்சென்ற அவர் கணவர் மத்தளம் வாசித்தவர். அவ்வொலியைக் களரியிலே மறுபடி ஒருமுறை கேட்கவேண்டுமென்பது கிழவியின் ஆசை.

போவதற்கு நாம் செய்த ஏற்பாட்டிலே குறை காண முடியாது. பெற்றோரின் அனுமதிக் கடிதம், கட்டுச்சோறு, தண்ணீர், பாய், மழை வந்தாற் பிடிக்கக் குடை, யாவும் இருந்தன. மாலை நான்கு மணிப் பாதையிலே சிரித்துப் பாடிக்கொண்டு கடந்தோம். நிகழ்ச்சி எட்டரைக்கு முடியும் என்று அழைப்பிதழ் சொல்லியது. "எட்டரைக்கு முடிந்தால் எப்படியும் ஏதாவது கிடைக்கும்" என்று சொல்லிக்கொண்டோம். அந்த 'எப்படியும்' என்ற சொல்லும் 'ஏதாவது' என்ற சொல்லும் எத்தகைய ஆபத்தான சொற்கள் என்பதை அன்று நாம் அறியவில்லை.

பிரதம விருந்தினர் வரப் பிந்தியது. அவர் வரும்வரை ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. எட்டு மணிக்கே மங்கள விளக்கு ஏற்றினார்கள். கூத்து அருமையாக இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. மத்தளம் எழுந்தபோது பெத்தாச்சியின் விரல்கள் முழங்காலிலே தாளமிட்டதை இன்றும் காண்கிறோம். ஆனால் முடியும்போது மணி பதினொன்றரை கடந்திருந்தது.

துறைக்கு வந்தபோது பாதை கட்டிக் கிடந்தது. இருபத்தைந்து பேரளவில் நின்றோம். மீன்பிடிக்கும் முதியவர் ஒருவர் இரக்கப்பட்டு, தமது வள்ளத்திலே மூன்று தடவையாகக் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். முதல் தடவையிலேயே எல்லாரும் ஏற முண்டினார்கள். பொறுப்பான ஆசிரியராகிய நாம் என்ன செய்தோம்? நமது பிள்ளைகளே முதலிற் போகவேண்டுமென்று நாமும் முண்டினோம். ஏழு பேர் ஏறவேண்டிய வள்ளத்திலே பதினான்கு பேர் இருந்தோம்.

கரையை விட்டுச் சற்றுத் தூரம் சென்றிருப்போம். யாரோ ஒருவர் இடம் மாறி அமர, வள்ளம் சாய்ந்து, ஒரு பக்கத்தால் நீர் உள்ளே வந்தது. மாணவியர் அலறினர். "ஆரும் அசையாதீங்க!" என்று முதியவர் போட்ட அதட்டலிலே யாவரும் உறைந்துபோனோம். அவர் கோலை ஊன்றிப் பார்த்துவிட்டு மெல்ல நீரிலே இறங்கினார், மார்பளவே இருந்தது. நமது மாணாக்கர் இருவரும் அவரைப் பின்பற்றி இறங்கினர். மூவரின் பாரம் குறைய, வள்ளம் நிமிர்ந்தது. அவர்கள் அதனைப் பிடித்துத் தள்ளி, புறப்பட்ட கரைக்கே திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

எல்லாரும் பிழைத்தோம். ஆனால் அவ்விடம் ஆள் ஆழமாக இருந்திருந்தால்? நனைந்த உடையோடு நின்ற முதியவர் நம்மைப் பார்த்துச் சொன்னது இவ்வளவே: "வரக்குள்ள யோசிச்ச நீங்க, போகக்குள்ள யோசிக்கல்லியே, மனே." கல்லூரியிலே பட்டம் பெற்ற நமக்கு, அதற்கு மேலான ஒரு பாடத்தை எவரும் கற்பித்ததில்லை.

பின்பு மும்மூன்று பேராகக் கடந்து, வீடு சேர அதிகாலை மூன்று மணியாயிற்று. தெருமுனையிலே பெற்றோர் மின்சூளோடு நின்றார்கள். ஒருவரும் நம்மை ஏசவில்லை. அந்தப் பெத்தாச்சியின் மகன் தாயையும் மகளையும் கைபிடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமற் போனார். அடுத்த ஆண்டு கூத்துப் பார்க்கப் புறப்பட்டபோது, மாணாக்கர் நால்வரின் அனுமதிக் கடிதங்களே வந்தன. மாணவியரிடமிருந்து ஒன்றேனும் வரவில்லை. பெற்றோர் செய்ததிலே தவறு காண நமக்கு வாய் இல்லை.

இதனாற்றான் இதைச் சிறு காரியம் என்று எண்ணலாகாது என்கிறோம். திரும்பும் வழி சரியில்லாத நிகழ்ச்சியிலே முதலில் நின்றுபோகிறவர் பெண்கள், அடுத்து முதியவர், அடுத்துச் சிறுவர். எஞ்சுவோர் மோட்டார் சைக்கிள் உள்ள இளைஞர் மட்டுமே. அவர்களுக்காக மட்டும் ஆடப்படும் கூத்து எத்தனை காலம் கூத்தாயிருக்கும்? "சனம் வருவதில்லை, கலை அழிகிறது" என்று மேடையிலே வருந்திப் பேசுகிறோம். சனம் வர மறுக்கவில்லை. திரும்ப வழியில்லாமல் வீட்டில் இருக்கிறது.

உயிரிழப்பும் கற்பனைப் பயம் அன்று. 2021 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் தேதி, நமது கிழக்கு மாகாணத்துக் கிண்ணியாவிலே, குறிஞ்சாக்கேணியிற் பாலம் கட்டும் வேலை நடைபெற்றுக்கொண்டிருந்த காலத்தில், மக்களை ஏற்றிச் சென்ற மிதவைப் பாதை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் மாண்டார்கள். அது பட்டப்பகல். இரவிலே, உறக்கக் கலக்கத்திலே, அவசரத்திலே கடப்பவரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இது நமது வாவிக்கரைக்கு மட்டும் உரிய குறையும் அன்று. 1969 ஆம் ஆண்டு ஆகத்து மாதம், அமெரிக்காவிலே வூட்ஸ்டொக் என்ற பெயரால் நடந்த திறந்தவெளி இசைவிழாவுக்கு ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் திரண்டனர். தெருக்கள் அடைபட்டு, மக்கள் மோட்டார் வண்டிகளை வழியிலே விட்டுவிட்டு நடந்தார்கள். பாடவேண்டியவர்களையே ஹெலிகொப்டரில் ஏற்றி வரவேண்டியதாயிற்று. அண்மையில், 2023 ஆம் ஆண்டு செப்டெம்பர் 10 ஆம் தேதி, சென்னையை அடுத்த பனையூரில் நடைபெற்ற ஏ. ஆர். ரகுமானின் இசை நிகழ்ச்சியன்று கிழக்குக் கடற்கரைச் சாலை வாகனங்களால் நிறைந்தது. சீட்டுப் பெற்றும் உள்ளே செல்ல இயலாது குழந்தைகளோடு திரும்பியவர் பலர். இதற்கு மாறாக, லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்திலே 1922 ஆம் ஆண்டு தொடங்கிக் கோடைதோறும் கச்சேரிகள் நடைபெறும் ஹொலிவூட் போல் என்னும் திறந்தவெளி அரங்குக்கு, கேட்போர் தம் வண்டிகளைத் தொலைவிலே நிறுத்திவிட்டு வர, அங்கிருந்து பஸ்கள் ஏற்றிச் சென்று, முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுகின்றன. அரங்கை அமைப்பதோடு கடமை முடிந்ததென்று அவர்கள் எண்ணவில்லை. செல்வமுள்ள நாடு, செய்கிறது என்பீர்கள். ஆனால் இதற்கு முதலில் வேண்டியது பணமன்று, எண்ணிக்கை.

எண்ணிக்கை என்றால் என்ன? விழா நடத்துவோர் முதலிலே கேட்கவேண்டிய வினா, "எத்தனை பேர் வருவார்கள்?" என்பதன்று, "கடைசியாக வீடு சேர்பவர் யார்? அவர் எவ்வழியாக, எத்தனை மணிக்குச் சேர்வார்?" என்பதே. அவரிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடவேண்டும். ஓர் உதாரணம் சொல்வோம். துறைக்கு அப்பாலிருந்து நாற்பது பேர் வருகிறார்கள் என்றும், வள்ளம் ஒரு தடவையில் எட்டுப் பேரைத்தான் ஏற்றலாம் என்றும் கொள்வோம். ஐந்து தடவை வேண்டும். போய் வர அரை மணித்தியாலம் என்றால், கடைசி எண்மர் வள்ளம் ஏறுவதற்கே இரண்டு மணித்தியாலம் காத்திருக்கவேண்டும். ஆகவே பத்து மணிக்கு அவர்கள் கரையை விட்டுப் புறப்படவேண்டுமானால், எட்டு மணிக்கு முதல் வள்ளம் புறப்பட்டாகவேண்டும். 'நிகழ்ச்சி பத்து மணிக்கு முடியும்' என்று அச்சடிப்பவர் இக்கணக்கைச் செய்தாரா? செய்திருந்தால் ஒன்றில் மாலை ஐந்து மணிக்கே தொடங்கியிருப்பார். அன்றேல் முன்னோரைப்போல விடியும்வரை ஆடியிருப்பார். இரண்டும் நல்ல வழிகளே. நடுவழிதான் கெட்ட வழி.

அடுத்து, திரும்பும் வாகனம் நிகழ்ச்சிக்கு முன்பே அங்கே நிற்கவேண்டும். "முடிந்ததும் அழைத்தால் வரும்" என்பது வாக்குறுதியே தவிர வாகனம் அன்று. பஸ் சாலையிலே முன்கூட்டிப் பணம் கட்டி விசேட பஸ் ஒன்றைப் பேசிக்கொள்வது ஊர் கூடினால் இயலாத காரியமன்று. ஆளுக்கு ஒரு சிறு தொகையே விழும். ஓட்டுநருக்கு உணவும், பிற்பகலிலே உறக்கமும் கொடுத்திருக்கவேண்டும். இரவெல்லாம் கூத்துப் பார்த்துக் களித்த ஒருவரையே விடியற்காலையில் முப்பது உயிர்களை ஓட்டிச் செல்லச் சொல்லலாமா?

நீரைக் கடப்பதாயின், பகல் வெளிச்சத்திலே கடப்பதே முறை. கடந்தேயாகவேண்டுமென்றால், ஆளுக்கோர் உயிர்காப்பு அங்கி, வள்ளத்துக்கொரு விளக்கு, துறையிலே பெயர் எழுதி ஏற்றும் ஒருவர் ஆகியன வேண்டும். அந்த ஒருவர் உறவு, பதவி, வயது பாராது, "இனி இடமில்லை" என்று சொல்லும் துணிவுள்ளவராயிருக்கவேண்டும். நம்மைப்போன்ற ஆசிரியர் முண்டினாலும் இறக்கிவிடத் தயங்காதவராக இருத்தல் நன்று!

படுவான்கரைத் தெருக்களிலே மோட்டார் சைக்கிளில் தனியே திரும்பும் இளைஞருக்கும் ஒரு சொல். வயலோரங்களிலும் குளக்கட்டுகளிலும் இரவிலே காட்டுயானை நடமாட்டம் உண்டென்பதை அவ்வூரார் அறிவர். வெளியூரார் அறியார். அவ்வூரவர் ஒருவரை வழித்துணையாகக் கொண்டு, கூட்டமாக வருவதே அறிவு. அவசரமில்லையெனில், கூத்து நடந்த கோயில் முன்றிலிலே பாயை விரித்துப் படுத்துறங்கி, விடிந்தபின் வருவது அதனினும் அறிவு.

குடும்பத்தாருக்கும் சில உண்டு. புறப்படுமுன் யாவரும் கூடுவதற்கு ஒரு மரத்தையோ மண்டபத்தையோ குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை மட்டும் நம்பவேண்டா. நள்ளிரவில் அதன் உயிரும் அடங்கிவிடும். வீட்டிலே காத்திருப்பவருக்கு, வருவோம் என்று நீங்கள் எதிர்பார்க்கும் நேரத்தைச் சொல்லாமல், அதற்கு மேற் பிந்தமாட்டோம் என்ற நேரத்தைச் சொல்லிச் செல்லுங்கள். பிரதம விருந்தினர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: நீங்கள் ஒரு மணித்தியாலம் பிந்தும்போது, உங்கள் வாகனம் வாசலிலே நிற்கிறது, ஆனால் எங்கோ ஒரு துறையிலே கடைசிப் பாதை புறப்பட்டுவிடுகிறது.

இவற்றையெல்லாம் இவ்வாரம் எழுதத் தூண்டிய செய்தியைச் சொல்லி முடிப்போம். அன்று நமது வள்ளத்திலே இருந்து அலறிய மாணவி, பெத்தாச்சியின் கையைப் பிடித்திருந்தவள், இன்று ஆசிரியையாக இருக்கிறாள். சென்ற வாரம் நமது இல்லத்துக்கு வந்தாள். பெத்தாச்சி காலமாகிச் சில ஆண்டுகள் ஆயின என்றாள். தனது ஊரிலே வைகாசி விழாவையொட்டிக் கூத்து நடத்தும் குழுவிலே தானும் ஒருத்தியென்று கூறி, அச்சுக்குப் போகுமுன் பார்த்துத் தரும்படி அழைப்பிதழின் படி ஒன்றை நீட்டினாள்.

சொற்பிழை தேடும் பழக்கத்தால் மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு வந்தோம். மங்கள விளக்கு, வரவேற்புரை, கூத்து, நன்றியுரை. வழக்கமாக அதனோடு தாள் முடிந்துவிடும். இங்கே அதற்குக் கீழும் வரிகள் இருந்தன. எந்த மரத்தடியிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு எந்த வண்டி புறப்படும். ஒவ்வொன்றிலும் பொறுப்பாக வருபவர் யார். இரவு தங்குவோருக்குப் பாடசாலை மண்டபத்திலே பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனி இடம். காலை முதற் பாதை எப்பொழுது என்றெல்லாம் எழுதியிருந்தாள். "கூத்தை விட இதுதான் சேர் கனக்க நாள் எடுத்தது" என்றாள் சிரித்துக்கொண்டு.

"இம்முறை உன் தகப்பனார் அனுமதி தந்தாரா?" என்று கேட்டோம்.

"அப்பாதான் துறையில நிற்கப்போறார், சேர். பெயர் எழுதி ஏத்துற வேலை அவருக்கு."

திருத்துவதற்கு அத்தாளிலே நமக்கு ஒன்றும் இருக்கவில்லை. நமது பெயரையும் இல்லத்தரசியின் பெயரையும் இரவு தங்குவோர் வரிசையிலே எழுதிக்கொள்ளும்படி சொன்னோம். இவ்வைகாசியிலே கூத்துப் பார்க்கப் புறப்படும் வாசகர்களும், புறப்படுமுன் இருந்து ஒரு தாளிலே திரும்பும் வழியை எழுதிப் பார்ப்பார்களாக. எழுத முடிந்தால், தயங்காமற் குடும்பத்தோடு செல்க. மத்தளம் ஒலிக்கட்டும், நிலவு எறிக்கட்டும், கடைசிப் பிள்ளையும் கரை சேரட்டும்.